போர்ப் பதக்கம் நகையாகிப் போச்சா? உருக்குறதுக்கு முன்னாடி விளிம்பைப் படிங்க!

பரணில் கிடக்கும் டிரங்குப் பெட்டி, பாட்டியின் பழைய நகை டப்பா, பூஜை அலமாரியின் மூலை... இதில் எங்காவது ராஜா தலை போட்ட வெள்ளி வில்லை ஒன்று கிடைத்தால் எல்லோரும் முதலில் சொல்வது, "பழைய ரூபாய்க் காசு". ஆனால் அது காசைவிடச் சற்றுப் பெரிதாக, தடிமனாக இருந்து, மேலே ஒரு வளையமோ கம்பியோ வெட்டிய தழும்போ இருந்தால் சந்தேகப்பட வேண்டும். அது ஒரு சிப்பாயின் போர்ப் பதக்கமாக இருக்கலாம். யாரோ ஒருவர் அதைக் கழுத்துச் சங்கிலிக்கு ஏற்ற மாதிரி மாற்றியிருக்கலாம்.

திண்டுக்கல், நிலக்கோட்டை, வேடசந்தூர் பக்கம் மட்டுமில்லை, பட்டாளத்துக்கு ஆள் போன எந்த ஊரிலும் இது நடக்கக் கூடியதுதான். போர்ப் பதக்கம் எப்படி பெண்கள் நகையாகிறது? அப்படி மாறும்போது எது போகிறது? இப்போது கையில் ஒன்று இருந்தால் என்ன செய்யலாம்?

ஒரே சொல், ரெண்டு பொருள்

ஆங்கிலத்தில் ராணுவ வீரர் மார்பில் குத்துவது மெடல், பெண்கள் சங்கிலியில் தொங்குவது பெண்டன்ட். தமிழில் ரெண்டுக்கும் ஒரே பேர்: பதக்கம். அட்டிகைக்கு நடுவில் கல் பதித்துத் தொங்குவதும் பதக்கம்தான், குடியரசுத் தலைவர் குத்திவிடுவதும் பதக்கம்தான்.

நாணயத்தை நகையாக்குவதும் நமக்குப் புதுசு கிடையாது. காசு மாலை என்ற பேரே அதைச் சொல்லிவிடுகிறது. தங்கத்தை இன்றும் எட்டு கிராம் கணக்கில் "ஒரு பவுன், ரெண்டு பவுன்" என்கிறோமே, அந்தப் பவுன் பிரிட்டனின் ஒரு பவுண்டு மதிப்புள்ள சவரன் தங்க நாணயம். அதன் எடை 7.98 கிராம், தரம் 22 கேரட். விக்டோரியா ராணி முகமும் ஜார்ஜ் மன்னர் முகமும் போட்ட அந்த நாணயத்தில் கண்ணி வைத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள நம்ம ஊர்ப் பெண்கள் யோசித்ததே இல்லை. அதே முகம் போட்ட ராணுவப் பதக்கம் வீட்டுக்கு வந்தபோது அது காசோடு காசாகச் சேர்ந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மலைக்கோட்டை காலத்திலேயே ஆரம்பம்

திண்டுக்கல் மலைக்கோட்டையைப் பார்த்தவர்களுக்கு ஹைதர் அலி பெயர் தெரிந்திருக்கும். 1755-ல் மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல் ஃபௌஜ்தாராக வந்தவர் அவர். மூன்றாம் மைசூர்ப் போரில், 1790 ஆகஸ்டில் கர்னல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் தலைமையிலான கம்பெனிப் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திண்டுக்கல் சீமை முழுசாகக் கம்பெனி கைக்குப் போனது.

அந்த மைசூர்ப் போருக்காக வங்காளப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்குக் கம்பெனி தங்கத்திலும் வெள்ளியிலும் பதக்கம் கொடுத்தது. அதற்கு முன்பே 1784-ல் தக்காணப் பதக்கம் என்று ஒன்று வந்திருந்தது. இவற்றை மார்பில் குத்தவில்லை. மஞ்சள் பட்டுக் கயிற்றில் கோர்த்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். மஞ்சள் கயிறு என்றால் நமக்கு வேறு நினைப்பு வரும். இது கம்பெனி கட்டிய கயிறு.

1799-ல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு வந்தது ஸ்ரீரங்கப்பட்டணப் பதக்கம். ஒரு பக்கம் புலியை அடக்கும் சிங்கம், மறுபக்கம் கோட்டைத் தாக்குதல். பெரிய அதிகாரிகளுக்குத் தங்கம், அடுத்த நிலைக்கு முலாம் பூசிய வெள்ளி, அதற்கும் கீழே வெள்ளி, வெண்கலம், சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். போர் ஒன்று, உலோகம் மட்டும் பதவிக்குத் தகுந்தபடி. இந்தப் பதக்கத்துக்கு வளையமே கிடையாது, வெறும் வில்லையாகத்தான் கொடுத்தார்கள். அணிய விரும்பியவர் நகை செய்பவரிடம் போய்த் தானே கண்ணி வைத்துக்கொள்ள வேண்டும். ஆக, போர்ப் பதக்கத்தில் பத்தர் கை வைப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

வெள்ளியாக வந்த பதக்கம்

இன்று வீடுகளில் கிடைக்க அதிக வாய்ப்புள்ளது முதல் உலகப்போர் பதக்கம். 1919-ல் உருவான பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் இது. விட்டம் 36 மி.மீ., எடை சுமார் ஒரு அவுன்ஸ், 92.5 சதவீதத் தரமான வெள்ளி. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் முகம், மறுபக்கம் குதிரை மேல் ஆடையில்லாத வீரன். பேரரசு முழுக்க சுமார் 65 லட்சம் வெள்ளிப் பதக்கங்கள் அடிக்கப்பட்டன. இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனவர்கள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். திரும்பி வராதவர்கள் சுமார் 74,000 பேர்.

இங்கேயும் ஒரு பாகுபாடு உண்டு. மண் வெட்டவும் மூட்டை சுமக்கவும் போன இந்தியத் தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில்தான் கொடுக்கப்பட்டது. உருக்கினால் காசு தேறாது என்பதால் அது தப்பிக்க வாய்ப்பு அதிகம் என்பது வேறு கதை.

ஒரு அவுன்ஸ் நல்ல வெள்ளி என்பது அந்தக் கால ரூபாய்க் காசு ரெண்டரைக்குச் சமமான எடை. மழை பொய்த்தால் வருமானம் நின்றுபோகும் மானாவாரிக் கிராமத்தில், அவசரத்துக்கு அடகு வைக்கவோ மகள் கல்யாணத்துக்கு உருக்கவோ ஏற்ற கெட்டி வெள்ளி. பதக்கம் வாங்கியவர் பெருமைக்காக அதைப் பெட்டியில் வைத்திருக்கலாம். அடுத்த தலைமுறைக்கு அது வெள்ளி மட்டுமே.

இங்கே ஏன் ப்ரூச் இல்லை?

பிரிட்டனில் பழைய போர்ப் பதக்கங்கள் பல ப்ரூச்சாக மாறின. ரிப்பன் கம்பியை வெட்டிவிட்டு, பின்பக்கம் ஊசி பற்றவைத்து, மேல்சட்டையில் குத்திக்கொள்வார்கள். மனைவி, அம்மா, காதலி என்று யார் வேண்டுமானாலும் அணிவார்கள். முதல் உலகப்போர் காலத்தில் படைப்பிரிவுச் சின்னத்தையே குட்டி ப்ரூச்சாகச் செய்து நகைக்கடைகள் விற்றன. 'ஸ்வீட்ஹார்ட் ப்ரூச்' என்று அதற்குப் பேர்.

தமிழ்நாட்டில் அது எடுபட்டிருக்காது. காரணம் சேலை மட்டுமில்லை. நம்ம வழக்கத்தில் தங்கம் இடுப்புக்கு மேலே, வெள்ளி காலுக்கு. கொலுசு, தண்டை, மெட்டி எல்லாம் வெள்ளி. மேலே வந்தால் இடுப்பில் அரைஞாண். அதனால் பதக்க வெள்ளி உருக்கு மூசைக்குள் போனால் பெரும்பாலும் காலுக்குத்தான் போகும். உருக்காமல் அப்படியே கண்ணி வைத்துக் கழுத்தில் போட வேண்டுமென்றால், தங்க முலாம் பூசிக் காசு மாலையில் கோர்ப்பதுதான் வழி.

இன்னொரு காரணம் கொஞ்சம் வலிக்கும். செத்துப்போன கணவனின் பதக்கத்தை மனைவி அணிவதுதான் பிரிட்டிஷ் ப்ரூச்சின் பின்னால் இருந்த நினைப்பு. இங்கே அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணின் கழுத்திலும் கையிலும் இருந்ததையே கழற்றினார்கள். சர்க்கார் அனுப்பிய பதக்கத்தை அவள் எங்கே அணிவது? வைத்திருக்கலாம், விற்கலாம், மகளுக்குக் கொடுக்கலாம். அணிவது மட்டும் முடியாது.

இரண்டாம் உலகப்போரில் ஒரு தமிழ்ப் பெண் பதக்கத்தைக் கையில் வாங்கியது பதிவாகியிருக்கிறது. காஞ்சிபுரம் அருகே கீழொட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில், வெடிக்கப் போன கண்ணிவெடி மீது தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றினார். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். 1945-ல் டெல்லியில் வைஸ்ராய் வேவல் பிரபு கையிலிருந்து அதை வாங்கியவர் மனைவி துர்காம்மாள். அந்தப் பதக்கமும் வெள்ளிதான். பிரிட்டிஷ் முறையில், அதே பதக்கத்தைத் தன் சொந்தத் தீரத்துக்காகப் பெறும் பெண், வில் வடிவில் முடிந்த ரிப்பனில் தோளருகே அணியலாம்.

பெண்களுக்கென்றே அரசு செய்த 'நகை'

சில நாடுகள் இந்தச் சங்கடத்தை வேறு மாதிரி தீர்த்தன. கனடா 1919 டிசம்பரில் 'மெமோரியல் கிராஸ்' என்ற வெள்ளிச் சிலுவையைத் தொடங்கியது. போரில் இறந்தவரின் அம்மாவுக்கும் மனைவிக்கும் தனித்தனியாக, ஊதா ரிப்பனில் கழுத்தில் அணிய. இறந்தவர் பெயர் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டன் இதுபோல 'எலிசபெத் கிராஸ்' கொண்டுவந்தது 2009-ல்தான். அமெரிக்காவில் தங்க நட்சத்திர பட்டன்.

தலைகீழாகவும் நடந்திருக்கிறது. 1813-ல் நெப்போலியனுக்கு எதிரான போருக்குப் பிரஷ்யப் பெண்கள் தங்க நகையைக் கொடுத்துவிட்டு இரும்பு நகை வாங்கிக்கொண்டார்கள். 1962 சீனப் போரின்போது தேசியப் பாதுகாப்பு நிதிக்கு நம் நாட்டுப் பெண்கள் வளையலையும் சங்கிலியையும் கழற்றிக் கொடுத்தார்கள்.

அப்படி என்ன போகுது?

வெள்ளி எங்கேயும் போகவில்லை. கொலுசாக இருந்தாலும் அதே வெள்ளி. போவது விளிம்பு.

முதல் உலகப்போர் பதக்கத்தைச் செங்குத்தாகப் பிடித்து ஓரத்தைப் பார்த்தால் சின்ன ஆங்கில எழுத்துக்கள் தெரியும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு. '63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி', '83வது வாலாஜாபாத்', 'கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி', '61வது பயனியர்ஸ்' என்று நம்ம பக்கத்துப் படைப்பிரிவுகள் சுருக்க எழுத்தில் இருக்கும். ரெண்டு பக்கமும் கண்ணி பற்றவைத்தால் பெயரின் தலையும் வாலும் போகும். விளிம்பை அரத்தால் ராவி மினுக்கினால் முழுப் பெயரும் போகும். உருக்கினால் கேட்கவே வேண்டாம்.

பெயர் போனா என்ன, ஆவணத்தில் இருக்காதா? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய கட்டடச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை மட்டும். பெயர் இருக்காது.

ஈராக்கில் பஸ்ரா நினைவிடம். மெசபடோமியாவில் இறந்து கல்லறை தெரியாதவர்கள் 40,000-க்கு மேற்பட்டோருக்கானது. பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் செதுக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கை மட்டுமே போட்டார்கள். இப்படி ஆசியா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பல்லாயிரம் பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் அறிக்கையே 2021-ல் ஒப்புக்கொண்டது.

ஊர்க் கல்லில் எண், கடல் கடந்த கல்லில் எண். பெயரை உலோகத்தில் வெட்டி வீட்டுக்கு அனுப்பியது அந்த ஒரு பதக்கத்தில்தான். இறந்தவர் வீடுகளுக்கு இன்னொன்றும் வந்தது: 120 மி.மீ. அகல வெண்கல நினைவுத் தட்டு, அதிலும் பெயர் உண்டு. தட்டு மாதிரியே இருப்பதால் பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போகிற ஆபத்து அதற்கு அதிகம்.

இழப்பு நம்ம ஊரோடு நிற்கவில்லை. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, பிரிட்டனிலேயே இந்தப் பதக்கங்கள் குவியல் குவியலாக உருக்கப்பட்டன.

கையில இருக்கிறது வெள்ளியா?

காந்தம் வைத்துப் பார்ப்பது வேலைக்கு ஆகாது. வெள்ளியும் ஒட்டாது, தாமிர-நிக்கல் கலவையும் ஒட்டாது. வருஷத்தைப் பாருங்கள். முதல் உலகப்போரின் வெற்றிப் பதக்கம், இறக்கை விரித்த பெண் உருவம் போட்டது, தங்கம் மாதிரி மின்னும். வெண்கலம்தான், ஏமாற வேண்டாம். 1939-45 போர்ப் பதக்கம், இந்தியா சர்வீஸ் மெடல் ரெண்டும் இந்தியர்களுக்கு வந்தது தாமிர-நிக்கலில். பர்மா ஸ்டார் மஞ்சள் நிறக் கலவை உலோகம். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த மகா வீர் சக்கரம், வீர் சக்கரம், சேனா மெடல் வெள்ளி. எல்லாவற்றுக்கும் உச்சமான பரம் வீர் சக்கரம் வெண்கலம். அடகுக் கடைத் தராசில் அதற்கு மதிப்பே இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

தாத்தாவின் பதக்கத்தைச் சங்கிலியில் போட்டதற்காகப் போலீஸ் வராது. தான் ராணுவத்தில் இருப்பவர் என்று மற்றவர்களை நம்பவைக்கும் எண்ணத்தோடு சீருடையோ அடையாளமோ அணிந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 168 பாயும். மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் ரெண்டும்.

வீரமரணம் அடைந்தவரின் நெருங்கிய உறவினர், போர் நினைவிட அஞ்சலி, இறுதிச் சடங்கு மாதிரியான நிகழ்ச்சிகளில் அவருடைய பதக்கங்களை வலது மார்பில் அணியலாம் என்று இந்திய ராணுவமே அனுமதித்திருக்கிறது. வாங்கியவருக்கு இடது மார்பு, உறவினருக்கு வலது. மனைவிக்கும் அம்மாவுக்கும் இதில் தடையில்லை. பழைய காலத்தில் கிடைக்காத இடம் இது.

விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 100 ஆண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருட்கள் 1972 தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரலாம். முதல் உலகப்போர் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தொட்டுவிட்டன. வெளிநாட்டு ஏலத்துக்குக் கூரியரில் அனுப்பும் முன் தொல்லியல் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நகையாகவே போட ஆசையா? பத்தர்கிட்ட இப்படிச் சொல்லுங்க

பதக்கத்தில் பொடி வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொடி என்பது பற்றவைக்கப் போடும் கலவை. ஊதுகுழல் சூடு பட்டால் எழுத்து மழுங்கும், பழைய நிறம் போகும். அதற்குப் பதில், வெளியே ஒரு வெள்ளி அல்லது தங்கக் கூடு கட்டி, பதக்கத்தை உள்ளே உட்காரவைத்து, திருகாணியால் மூடச் சொல்லலாம். கண்ணியும் கொக்கியும் கூட்டில்தான் இருக்கும், பதக்கத்தில் ஒரு கீறல் விழாது. வேண்டாமென்றால் நாளைக்கே கழற்றிவிடலாம். இல்லையென்றால் சின்ன அளவில் நகல் செய்து அதை அணிந்துகொண்டு, அசலைப் பெட்டியில் வைக்கலாம். ராணுவத்திலேயே விழாக்களுக்கு மினியேச்சர் பதக்கம் அணியும் வழக்கம் உண்டு.

புளி, பல்பொடி, திருநீறு போட்டுத் தேய்க்கவே கூடாது. பளபளப்பு வரும், எழுத்தின் விளிம்பு தேயும்.

ஏற்கெனவே நகையாகிவிட்டதா? கண்ணியைப் பிடுங்கிப் பழையபடி ஆக்கப் பார்க்காதீர்கள், இன்னொரு சேதாரம்தான் மிஞ்சும். யாரோ ஒரு பாட்டி கழுத்தில் அது கிடந்ததும் அதன் வரலாறுதானே. ஓரத்தில் செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, பூதக்கண்ணாடியால் பார்த்து, சுற்றிலும் நாலைந்து போட்டோ எடுங்கள். எழுத்து மங்கியிருந்தால் மெல்லிய தாள் சுற்றிப் பென்சிலால் லேசாகத் தேய்த்தால் சில நேரம் தெரியும்.

பெயர் கிடைச்சாச்சு, எங்கே தேடுறது?

இறந்த வீரர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இந்திய வீரர்கள் பலருக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா வரை பதிவு இருக்கிறது. உயிரோடு திரும்பியவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கம் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பெயர் எழுத்துக்கூட்டலை அப்படியே நம்பக் கூடாது. ராமசாமி, முனுசாமி, வேலாயுதம் எல்லாம் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டவை. ஒரே பெயரை நாலு விதமாகத் தட்டிப் பார்க்க வேண்டும். அதைவிட எண்ணும் படைப்பிரிவும் நம்பகமானவை.

மாவட்டத்தில் 'திண்டுக்கல்' என்று போட்டால் ஒன்றும் வராமல் போகலாம். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985 செப்டம்பர் 15-ல்தான். அந்தக் காலப் பதிவுகளில் இது மதுரை மாவட்டத்துத் தாலுகா. மதுரையையும் வெள்ளைக்காரர் 'மதுரா' என்றே எழுதினார்கள். தேடும் கட்டத்தில் அதைத்தான் போட வேண்டும்.